பத்து தீனாரும் ஒரு விரிப்பும்: பயணி இப்னு பதூதாவின் வாழ்க்கை

 

'சபுர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பாட்டனார்மார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களில் பலர் இந்த மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். அவர்கள் போட்ட திட்டம் ஒன்று, நடந்தது வேறொன்று. அதனால்தான் இம்மலருக்கு ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதலாம் என்று எண்ணியபோது, சபுராளிகளுக்கெல்லாம் சபுராளியான இப்னு பதூதா நம் நினைவுக்கு வந்தார்.

அவரை உலகம் சுற்றிய பயணி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். சுமார் 29 ஆண்டுகளில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தவர். விமானமும் நீராவிக் கப்பலும் இல்லாத 14ஆம் நூற்றாண்டில் இது நடந்தது. ஆனால் அவர் எந்தெந்த ஊரைப் பார்த்தார் என்ற பட்டியல் நம் நோக்கமன்று. நினைத்தது நடக்காமல் போன நாள்களில் அவர் என்ன செய்தார், யார் அவருக்குக் கைகொடுத்தார்கள் என்பதையே பார்க்கப் போகிறோம்.

வீட்டை விட்டுப் புறப்பட்டவர்

இப்னு பதூதா ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில், மொரோக்கோவின் தஞ்சியர் நகரில் பிறந்தார். மார்க்கச் சட்டம் கற்று, காஜிகளாகப் பணியாற்றிய பெரியோர்களைக் கொண்ட குடும்பம். அவரும் மாலிக்கி மத்ஹபுச் சட்டம் படித்தார். ஊரிலேயே இருந்திருந்தால் ஒரு காஜியாக நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

1325 ஜூனில், 21 வயதில், ஹஜ்ஜுக்காகத் தனியாகப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பிரிவு அவர்களுக்கும் தமக்கும் பெருந்துயரமாக இருந்ததை அவரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்புவதுதான் அன்றைய எண்ணம். மீண்டும் மொரோக்கோ மண்ணை மிதிக்க 24 ஆண்டுகள் ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வழியில் பிஜாயா என்ற ஊரில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கிச் செல்லுமாறு உடன் வந்தவர்கள் சொன்னார்கள். மரணம் விதிக்கப்பட்டிருந்தால் அது ஹஜ்ஜுக்குப் போகும் வழியிலேயே வரட்டும் என்று அவர் முடிவு செய்தார். விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

இவ்வளவு மனவுறுதி கொண்டவரும் துனிஸ் நகரை அடைந்தபோது அழுதுவிட்டார். ஊரார் வந்து கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரையும் ஸலாம் சொல்லி வரவேற்றார்கள். அவரை மட்டும் அறிந்தவர் யாருமில்லை. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண்ணீரைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்து, நகருக்குள் நுழையும் வரை கூடவே வந்தார். சில வாரங்களில் அந்த இளைஞரையே ஹஜ் பயணக் கூட்டத்தின் காஜியாக நியமித்தார்கள். யாருமற்றவராக நகருக்குள் வந்தவர், ஒரு கூட்டத்துக்கே தீர்ப்புச் சொல்பவராக வெளியேறினார். படித்த படிப்பு கைவிடவில்லை. ஆனால் அந்த முதல் ஸலாம் இல்லாவிட்டால் அந்த வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடைபட்ட வழி

எகிப்தை அடைந்தவர், நைல் நதியை ஒட்டித் தெற்கே சென்று, ஐதாப் துறைமுகத்தில் கப்பலேறிச் செங்கடலைக் கடந்து மக்கா செல்லத் திட்டமிட்டார். பல நாள் பயணம் செய்து ஐதாபை அடைந்தால், அங்கே சண்டை. அப்பகுதி ஆட்சியாளர் எகிப்தியப் படைகளோடு மோதிக் கப்பல்களை மூழ்கடித்திருந்தார். கடலைக் கடக்க வழியில்லை.

கையிலிருந்த பயணப் பொருள்களை விற்றுவிட்டு, வந்த வழியே கெய்ரோ திரும்பினார். அங்கு ஒரே ஓர் இரவுதான் தங்கினார். மறுநாளே சிரியா பக்கம் புறப்பட்டு, பாலஸ்தீனம் வழியாக டமாஸ்கஸ் சென்று, அங்கிருந்து கிளம்பிய ஹஜ் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். 1326ஆம் ஆண்டின் ஹஜ் அவருக்குக் கிடைத்தது.

ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் இந்த இடம் நமக்குப் பிடிக்கிறது. சரக்கு ஒரு துறைமுகத்தில் இறங்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். ஐதாபில் உட்கார்ந்து சண்டை எப்போது ஓயும் என்று காத்திருந்தால் அந்த வருட ஹஜ் தவறியிருக்கும். அதோடு, திட்டம் மாறியதால்தான் பைத்துல் முகத்தஸையும் டமாஸ்கஸையும் அந்த ஆண்டே அவர் காண முடிந்தது.

டில்லியில் பதவியும் காவலும்

அதற்குப் பின் ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் ஆட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் அறிஞர்களுக்கு அள்ளிக் கொடுப்பவர் என்று பெயர் பெற்றவர் அந்தச் சுல்தான். இப்னு பதூதாவை ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் டில்லியின் காஜியாக நியமித்தார்.

பதவி பெரிது, செலவும் பெரிது. இப்னு பதூதாவுக்குக் கடன் 55,000 தீனார் வரை ஏறியது. சுல்தான்தான் அதைத் தீர்த்தார். அள்ளிக் கொடுத்த அதே கை, சந்தேகம் வந்துவிட்டால் உயிரை எடுக்கவும் தயங்காது. ஷிஹாபுத்தீன் என்ற பெரியவர் சுல்தானின் கோபத்துக்கு ஆளானபோது, அவரை ஒருமுறை சந்தித்திருந்த காரணத்தால் இப்னு பதூதாவையும் காவலில் வைத்தார்கள். அப்படிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் தப்புவது அரிது.

அந்த நாள்களில் அவர் நோன்பு நோற்றார். தண்ணீரில் மட்டும் நோன்பு திறந்தார். அல்லாஹ்வே எங்களுக்குப் போதுமானவன் என்னும் பொருள் கொண்ட திக்ரை ஒரே நாளில் 33,000 முறை ஓதினார். ஷிஹாபுத்தீன் கொல்லப்பட்டார். இப்னு பதூதா விடுவிக்கப்பட்டார். வெளியே வந்ததும் பதவியைத் துறந்து, கையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கமாலுத்தீன் என்ற துறவியிடம் ஐந்து மாதங்கள் தங்கினார்.

சுல்தான் மீண்டும் அழைத்தார். இம்முறை சீனப் பேரரசருக்குத் தூதராகப் போகும் பொறுப்பு. தூர தேசம் பார்ப்பதில் ஆசை கொண்டவர் என்பதால் இவரைத் தேர்ந்தெடுத்தார். குதிரைகள், துணிமணிகள், பொற்பாத்திரங்கள், அக்கால வழக்கப்படி அடிமைகள் என்று பெரும் பரிசுப் பொருள்களோடு 1340களின் தொடக்கத்தில் டில்லியிலிருந்து புறப்பட்டார்.

சில நாள்களிலேயே, இன்றைய அலிகாருக்கு அருகில் நடந்த ஒரு மோதலில் கூட்டத்திலிருந்து பிரிந்து கொள்ளையரிடம் சிக்கினார். உயிர் தப்பியது, ஆனால் தனிமையில் காட்டில் அலைய நேர்ந்தது. ஒரு கிணற்றைக் கண்டார். கயிறுமில்லை, வாளியுமில்லை. காலணியைத் துணியில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தார். இரண்டாம் முறை துணி அறுந்து அது கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மற்றக் காலணியைக் கட்டித் தாகம் தீர்த்துக்கொண்டு, பிறகு அதையே அறுத்துக் காலில் சுற்றிக்கொள்ள முயன்றார். அந்நேரம் அங்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் உணவு கொடுத்தார். நடக்க முடியாத அவரைத் தோளில் தூக்கிச் சுமந்து ஊர் சேர்த்தார். இப்னு பதூதா தம் கூட்டத்தோடு சேர்ந்து மீண்டும் தெற்கு நோக்கி நடந்தார்.

கோழிக்கோட்டுக் கரையில்

கம்பாத் பக்கம் கப்பலேறி, மலபார் கரை வழியாகக் கோழிக்கோட்டை அடைந்தார்கள். துறைமுகத்தில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. பருவக்காற்றுக்காக மூன்று மாதங்கள் காத்திருந்தார்கள். புறப்படும் வேளையில், பெரிய கப்பலில் நல்ல அறைகளைச் சீன வணிகர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்ததால், இப்னு பதூதா தம் பொருள்களையும் தம்மைச் சேர்ந்தவர்களையும் சற்றுச் சிறிய கப்பலில் ஏற்றினார். மறுநாள் ஜும்ஆ. தொழுதுவிட்டு ஏறலாம் என்று அவர் மட்டும் கரையில் தங்கினார்.

அந்நேரம் பார்த்துக் கடல் கொந்தளித்தது. சுல்தானின் பரிசுகள் இருந்த பெரிய கப்பல் உடைந்து சிதறியது. உடன் வந்த தூதர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. இதைக் கண்ட சிறிய கப்பல்காரர்கள் பாய்களை விரித்து ஆழ்கடலுக்கு ஓட்டிச் சென்றுவிட்டார்கள். அவருடைய பொருள்களும் அவரைச் சேர்ந்தவர்களும் அதோடு போய்விட்டார்கள். துணைக்கு இருந்த ஒரே பணியாளும் நிலைமையைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

கரையில் நின்றவரிடம் மிஞ்சியது பத்து தீனாரும் படுத்துறங்கும் ஒரு விரிப்பும்தான். நேற்றுவரை ஒரு பேரரசின் தூதர்.

முதலில் இறந்தவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள். பின்பு, சிறிய கப்பல் கொல்லத்தில் ஒதுங்கக்கூடும் என்று கேட்டு, ஆற்று வழியே பத்து நாள் பயணம் செய்து கொல்லம் போனார். கப்பல் வரவில்லை. டில்லிக்குத் திரும்பலாமா என்று யோசித்தார். பரிசுகளை விட்டுவிட்டு நீ ஏன் கரையில் நின்றாய் என்று சுல்தான் கேட்டால் என்ன பதில் சொல்வது? துக்ளக்கின் கோபம் அவர் அறியாததன்று. ஹோனாவர் துறையின் சுல்தான் ஜமாலுத்தீனிடம் போய்த் தங்கினார். அங்கே பெரும்பாலான நேரத்தைப் பள்ளிவாசலில் கழித்தார். நாளுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார். பிறகு நாளுக்கு இருமுறை முடித்தார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நாள்களை அவர் இப்படித்தான் கடந்தார். சிறிய கப்பல் சுமத்ரா வரை போய், பொருள்கள் பறிபோய், அதிலிருந்தவர்கள் சீனம், ஜாவா, வங்காளம் என்று சிதறிப்போன செய்தி பின்னர்தான் அவருக்கு எட்டியது.

இந்த இடத்தில் அவர் பதிவு செய்த ஒரு விவரத்தை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். மலபாரின் மற்றத் துறைகளில் கப்பல் உடைந்தால், கரை ஒதுங்கிய சரக்கை அரசரின் கஜானா எடுத்துக்கொள்ளும். கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே போய்ச் சேரும். அன்று கரையில் கூடிய கூட்டம் பொருள்களைச் சூறையாடாதபடி, அந்த ஊர் மன்னர் தாமே கடற்கரையில் வந்து நின்றார். இந்த நடைமுறையால்தான் கோழிக்கோடு செழித்தது என்பது இப்னு பதூதாவின் கணிப்பு. கப்பல் உடைந்தவனை நேர்மையாக நடத்தும் ஊருக்கே அடுத்த கப்பலும் வரும்.

மாலத்தீவு, இலங்கை, மதுரை

பிறகு மாலத்தீவு சென்றார். சில நாள் தங்கி, மஃபர் எனும் தமிழகக் கரை, இலங்கை, வங்காளம் வழியாகச் சீனம் போவது திட்டம். தாம் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. டில்லியின் காஜியாக இருந்தவர் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. அரசி கதீஜா ஆண்ட அந்தத் தீவுகளுக்கு மார்க்கச் சட்டம் அறிந்த காஜி தேவைப்பட்டார். விடவில்லை. காஜியாக அமர்ந்தார், அங்கேயே மணமும் முடித்தார். பின்பு அமைச்சரோடு மனக்கசப்பு முற்றி, 1344இல் வெளியேறினார். அந்தக் கசப்பை அவர் எளிதில் மறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கோபம் வராத மகான் அல்லர், நம்மைப் போன்ற மனிதர்தான்.

இலங்கையில் புத்தளம் பகுதியில் இறங்கினார். அங்கிருந்த தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை நன்கு உபசரித்து, முத்துகளைக் காட்டி, ஆதம் மலைக்குப் போய்வர ஆளும் பொருளும் தந்தார். மலையேறித் திரும்பி, தமிழகக் கரை நோக்கிக் கப்பலேறினார். மீண்டும் புயல். பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் தரைதட்டி உடையத் தொடங்கியது. மாலுமிகள் தெப்பம் கட்டினார்கள். தம்மோடு இருந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, இடமில்லாததால் அவர் உடையும் கப்பலின் பின்பகுதியில் ஏறி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். காலையில் அவ்வூர் மக்கள் படகில் வந்து கரை சேர்த்தார்கள்.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி. அவருடைய மனைவியும், இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்த பெண்ணும் உடன்பிறந்த சகோதரிகள். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் மக்கள். உறவினரென்று சுல்தான் வரவேற்றார். ஆனாலும் அந்தச் சுல்தான் தம் குடிமக்களான இந்துக்களிடம், பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் காட்டிய கொடுமையை இப்னு பதூதா கண்டித்தே எழுதியிருக்கிறார். உண்ட வீட்டுக்காக உண்மையை மறைக்கவில்லை.

மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. அதில் சுல்தான் தம் குடும்பத்தாரை இழந்தார், சிறிது காலத்தில் அவரும் மறைந்தார். இப்னு பதூதாவுக்கும் கொடுங்காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது, பிறகு காய்ச்சல் விட்டது. மருத்துவம் எப்படியிருந்தாலும், மொரோக்கோவில் பிறந்தவருக்கு நம் அடுப்படிப் புளி கைகொடுத்ததை அறியும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பறிபோன பின் கிடைத்தவை

தமிழகக் கரையிலிருந்து கொல்லம் சென்று, மூன்று மாதம் அங்கே தங்கி உடல் தேறினார். ஹோனாவர் போகக் கப்பலேறினார். வழியில் 12 கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கையில் கிடைத்த மணிகளும் துணிகளும், பெரியோர்கள் அன்பளிப்பாகத் தந்தவையும் போயின. காற்சட்டை மட்டுமே உடம்பில் மிஞ்சக் கரையில் இறக்கிவிடப்பட்டார்.

மீண்டும் கோழிக்கோடு. சில ஆண்டுகளுக்கு முன் பத்து தீனாரோடு நின்ற அதே ஊர். இம்முறை பத்து தீனாரும் இல்லை. நேராக ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். செய்தி தெரிந்ததும் மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் உடையை அனுப்பினார். ஊர்க் காஜி ஒரு தலைப்பாகை அனுப்பினார். ஒரு வியாபாரி இன்னோர் உடை அனுப்பினார்.

இப்னு பதூதாவின் வாழ்க்கையில் நம் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுதான். அரசர்கள் தந்த குதிரைகளும் பொன்னும் நிலைக்கவில்லை. பெயர்கூட நமக்குத் தெரியாத மூன்று பேர் அனுப்பிய துணிமணிகளை உடுத்திக்கொண்டுதான் அவர் அடுத்த பயணத்துக்கு எழுந்தார்.

மாலத்தீவுக்குப் போய்த் தம் இரண்டு வயது மகனைப் பார்த்தார். தாயிடமே இருப்பது குழந்தைக்கு நல்லதென்று விட்டுவிட்டு, வங்காளம் சென்று, சில்ஹெட்டில் ஷா ஜலால் என்ற இறைநேசரைச் சந்தித்தார். பின் கப்பலேறி, நம் மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், வட சுமத்ராவிலுள்ள சமுத்திரா பாசாய் வந்தார். சுல்தான் அல்-மலிக் அல்-ஸாஹிர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றியவர், அறிஞர்களோடு அமர்ந்து பேசுவதில் விருப்பமுடையவர், ஜும்ஆவுக்கு நடந்தே செல்பவர். 15 நாள் விருந்தினராக வைத்திருந்து, சீனம் செல்ல எல்லா ஏற்பாடுகளும் செய்து அனுப்பினார்.

சீனத்தின் ஸைத்தூன் துறைமுகத்தில், டில்லிக்குத் தூது வந்து அவரோடு கோழிக்கோடு வரை பயணம் செய்த சீன அதிகாரி அவரை அடையாளம் கண்டு, துறைமுக அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லித் தங்க நல்ல இடம் கிடைக்கச் செய்தார். பரிசுகள் கடலில் போயின, பழகிய முகம் உதவியது. இன்னொரு சீன நகரில், தம் ஊருக்குப் பக்கத்து ஊரான சப்தாவைச் சேர்ந்த ஒரு வணிகரைச் சந்தித்தபோது இருவரும் கண்கலங்கினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அதே வணிகரின் சகோதரர் வீட்டில், சஹாரா விளிம்பிலுள்ள சிஜில்மாசாவில், இப்னு பதூதா விருந்தினராகத் தங்கினார். சீனத்தில் அண்ணனும் சஹாராவில் தம்பியுமாகப் பிழைத்த குடும்பம் நமக்கு அந்நியமாகவா தெரிகிறது?

ஊர் திரும்பியவர்

1348இல் டமாஸ்கஸ் வந்தபோதுதான், தந்தையார் 15 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த செய்தி தெரிந்தது. அந்நகரில் முன்பு பிறந்திருந்த தம் மகனும் 12 ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்தான். அந்த ஆண்டு, வரலாறு கறுப்பு மரணம் என்று சொல்லும் பெருங்கொள்ளைநோய் அப்பகுதியைத் தாக்கியது. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களோடு வெறுங்காலுடன் நடந்து இறைஞ்சியதை அவர் கண்டார். மேலும் ஒரு ஹஜ் செய்துவிட்டு ஊர் நோக்கி நடந்தார். வீட்டை நெருங்கும் வேளையில், தாயாரும் அதே நோயில் மறைந்த செய்தி வந்தது. 1349 நவம்பரில் ஃபெஸ் நகரை அடைந்து, பின்னர் தஞ்சியர் சென்று தாயாரின் கப்ரை ஸியாரத் செய்தார்.

சபுருக்கு ஒரு விலை உண்டு. அதை நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் கொடுத்திருக்கிறார்கள். மரணச் செய்தி தந்தியாக வந்து, முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத பிள்ளைகள் நம் முந்திய தலைமுறையில் ஏராளம். பதற்றமின்றி மாறிக்கொள்வது என்றால் வலி இல்லாமல் போவது என்று பொருளன்று.

அதற்குப் பின் அவர் ஸ்பெயினுக்கும், சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்தார். 1354இல் திரும்பியதும், சுல்தான் அபூ இனான் அவருடைய பயண அனுபவங்களை எழுதிவைக்க ஆணையிட்டார். அவர் சொல்லச் சொல்ல, கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. அதைத்தான் 'ரிஹ்லா' என்கிறோம். வழியில் எழுதி வைத்த குறிப்புகளில் சிலவும், புகாராவின் அறிஞர்களுடைய கல்லறைகளில் அவர் படியெடுத்தவையும், கடற்கொள்ளையில் போய்விட்டன. பெரும்பாலும் நினைவிலிருந்தே சொன்னார். அதனால் சில இடங்களை அவர் நேரில் பார்த்தாரா என்று ஆய்வாளர்கள் கேள்வி எழுப்புவதும் உண்டு. எனினும் அன்றைய மாலத்தீவு பற்றியும் மாலி பற்றியும் மதுரை சுல்தானகம் பற்றியும் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்த நூலிலிருந்து வந்தது.

இறுதிக்காலத்தில் மொரோக்கோவின் ஓர் ஊரில் காஜியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369இல் மறைந்தார். இளமையில் ஊரிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருப்பாரோ, உலகைச் சுற்றிய பின் அதுவாகவே ஆனார்.

நமக்கு என்ன?

2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நம்மில் பலர் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தோம். வாடகை நிற்கவில்லை, துறைமுகத்தில் சரக்கு நின்றது. துணி வியாபாரம் செய்தவர்கள் முகக்கவசம் தைத்து விற்றதையும், உணவகம் நடத்தியவர்கள் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோனதையும் பார்த்தோம். நாம் பாலிடெக்னிக்கில் படித்தது மின்னியல், இன்று பிழைப்பது மளிகை மொத்த வியாபாரத்தில். அந்த மாதங்களில் கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டுதான் கடை பிழைத்தது. சிலரால் மீளவே முடியவில்லை என்பதும் உண்மை. அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், அறிவில்லாதவர்களும் அல்லர். கப்பல் உடைந்த நேரத்தில் அவர்களுக்குக் கரை எட்டவில்லை.

இப்னு பதூதாவின் வாழ்க்கையைச் சொல்லும்போது, மனவுறுதி வேண்டும், இறைநம்பிக்கை வேண்டும், படிப்பு வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லி முடித்துவிடுவது எளிது. அவை வேண்டும்தான். கப்பலில் ஏற்றியவையெல்லாம் போன பிறகும் அவரிடம் சட்ட அறிவும், அரபு மொழியும், தொழுகையும் இருந்தன. ஆனால் அவை மட்டும் போதவில்லை. துனிஸில் ஒரு ஹாஜி ஸலாம் சொன்னார். அலிகார்க் காட்டில் ஒருவர் தோளில் சுமந்தார். தமிழகக் கரையில் ஊரார் படகோடு வந்தார்கள். கோழிக்கோட்டில் தலைப்பாகை வந்தது. அவருடைய நிதானத்தில் பாதி, அவரை ஏற்றுக்கொண்டவர்கள் தந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்களே கரை ஒதுங்கியவர்கள். அறிமுகமில்லாத ஊரில் ஒரு பாயும், ஒரு வேளைச் சாப்பாடும், இன்னார் நல்லவர் என்று சொல்ல ஒரு வாயும் எவ்வளவு பெரிய செல்வம் என்று அனுபவித்தவர்கள். இன்று நமக்குச் சொந்த வீடு, சொந்தக் கடை, படித்த பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. கரை ஒதுங்கியவன் எப்படி இருப்பான் என்பது மறந்துபோகும் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது.

வேலை போன குடும்பத் தலைவர், கணவரை இழந்த சகோதரி, எஸ்.பி.எம். தேர்வில் நினைத்த மதிப்பெண் கிடைக்காத பிள்ளை, ஊரிலிருந்து வந்து சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் தொழிலாளி – இவர்கள் இன்றும் ஜும்ஆவில் நம் பக்கத்து ஸஃப்பில்தான் நிற்கிறார்கள். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் அவசரத்தில் அவர்கள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. பொன்விழா ஆண்டில் நம் இளைஞர் பகுதி வேறு எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், ஜும்ஆ முடிந்ததும் தனியாக நிற்கும் ஒருவரிடம் போய் ஸலாம் சொல்லி ஊர், பேர், நலம் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கினால் அதுவே பெரிய காரியம். அதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. கேட்ட பிறகு நிதி தேவைப்பட்டால், அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் சங்கத்தைத் தொடங்கி மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. நம் திட்டங்கள் மாறும் நாளில் நமக்குப் பொறுமையையும், பிறர் கப்பல் உடையும் நாளில் கரையில் நிற்கும் பாக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.